வீட்டு போனா, வியாபார போனா?

திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. கீழ் போர்ஷன். வாசல் ரூமில் ஒரு தையல் மிஷின். பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு போன்.

இப்படி ஒரு வீட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவல்லிக்கேணி இல்லை என்றால் பெரம்பூர். அதுவும் இல்லை என்றால் சைதாப்பேட்டை.

காலை 8 மணிக்கு போன் அடிக்கிறது. "அக்கா, ஜாக்கெட் ரெடியா?" இது வியாபாரம்.

8-15க்கு மறுபடியும் அடிக்கிறது. ஊரில் இருந்து தங்கச்சி. இது வீடு.

8-30க்கு சவுகார்பேட்டை லைனிங் துணிக்கடை. வியாபாரம்.

9-30க்கு பள்ளிக்கூடத்தில் இருந்து போன். பையனுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்கிறார்கள். வீடு.

10 மணிக்கு ஒரு கல்யாண வீட்டு அம்மா. பேச்சு ஜாக்கெட் அளவில் ஆரம்பிக்கிறது. மாப்பிள்ளை வீட்டு சமாசாரத்தில் போய் முடிகிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

போன் ஒன்று. பேசுகிறவர் ஒருவர். ஆனால் அது வீட்டு போனா, வியாபார போனா என்ற கேள்வி ஏறக்குறைய 150 வருஷமாகத் தீராத வழக்கு. கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். சர்க்கார் கேட்டது. கோர்ட்டு வரைக்கும் போனது. இப்போது நம் ஊர் சின்னக் கடைக்காரர்களின் சட்டைப் பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது!

20 டாலர், 40 டாலர்

முதலில் ஆரம்பித்தது அமெரிக்காவில்.

கிரகாம் பெல் டெலிபோனுக்கு 1876-ல் காப்புரிமை வாங்கினார். மறு வருஷம், 1877 மே மாதம், பெல் கோஷ்டியார் ஒரு விளம்பரம் போட்டார்கள். அப்போது எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று கிடையாது. இரண்டு போன்கள், நடுவில் ஒரு கம்பி. அவ்வளவுதான். இந்த ஜோடிக்கு வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா?

வீட்டு உபயோகத்துக்கு 20 டாலர். வியாபாரத்துக்கு 40 டாலர்!

கருவி அதேதான். கம்பியும் அதேதான். வாடகை மட்டும் இரட்டிப்பு. டெலிபோன் பிறந்த மறு வருஷமே இந்தப் பாகுபாடும் பிறந்துவிட்டது.

ஏன் இரட்டிப்பு? செலவு கூடுதல் என்பதால் அல்ல. போனால் உனக்கு எவ்வளவு லாபமோ அதற்குத் தகுந்தபடி கொடு என்பதுதான் கணக்கு. வியாபாரிக்கு ஒரு போனில் ஒரு ஆர்டர் வரும். வீட்டுக்காரருக்கு மாமியார் நலம் விசாரிப்பார். ஆகவே வியாபாரி கூடுதலாகக் கொடுக்கட்டும், அந்தப் பணத்தில் வீட்டு லைனை மலிவாகக் கொடுக்கலாம் என்றார்கள். வியாபாரிகளின் போன்கள் பகல் நேரத்தில், எல்லோரும் பேசுகிற நேரத்திலேயே, லைனைப் பிடித்துக்கொள்கின்றன என்ற காரணமும் சொல்லப்பட்டது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பெரிய மில்லையும் பெரிய பேங்கையும் நினைத்துக்கொண்டு கேட்டால் நியாயம்தான். வாசல் ரூமில் மிஷின் மிதிக்கிற அக்காவை நினைத்துக்கொண்டு கேட்டால்?

டாக்டர் வீடு

அமெரிக்கக் கம்பெனிகள் இதற்கு விதிமேல் விதி எழுதின. மாநில சர்க்கார்களின் கமிஷன்கள் அவற்றைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தன.

போன் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். கடையில் இருந்தால் வியாபார ரேட். வீட்டில் இருந்தாலும், அந்த நம்பரைக் கடை பெயரில் விளம்பரம் செய்தால் வியாபார ரேட். டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கத்தில் தொழில் பெயரோடு நம்பர் வந்தாலும் அப்படியே.

வீட்டிலேயே நோயாளியைப் பார்க்கிற டாக்டர், பாதிரியார் மாதிரி ஆட்களுக்குப் பல இடங்களில் சலுகை இருந்தது. டைரக்டரியில் தொழில் பெயர் போடாமல் இருந்தால் வீட்டு ரேட்டே போதும். அதாவது, என்ன பேசினீர்கள் என்று யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. ஒட்டுக்கேட்கவும் முடியாது. வெளியே என்ன போர்டு தொங்குகிறது என்றுதான் பார்த்தார்கள்.

நம் ஊர் கரண்ட் கார்டும் இதே கதைதானே? வீட்டுக்கு ஒரு ரேட், கடைக்கு ஒரு ரேட். ஆனால் தமிழ்நாட்டு மின்கட்டண விதியில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். டாக்டரோ வக்கீலோ தம் வீட்டோடு சேர்ந்து ஒரு ஆலோசனை அறை வைத்திருந்தால், அது 200 சதுர அடிக்கு மேல் போகாத வரையில் வீட்டுக் கணக்கிலேயே விட்டுவிடலாம் என்று இருக்கிறது. கரண்டுக்கு டேப் வைத்து அளந்து சொல்லிவிடலாம். போனுக்கு எந்த டேப்பை வைத்து அளப்பது?

அண்டை வீட்டு போன் மணி

இந்தக் கேள்வி சந்தி சிரித்தது 1988-ல், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரத்தில்.

அதற்குப் பத்து வருஷம் முன்னால் சிகாகோவில் பெரிய பனிப்புயல் அடித்தது. வெளியே போக முடியாமல் வீட்டில் முடங்கிய வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரண்டு நண்பர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரையும் போனையும் சேர்த்து ஒரு அறிவிப்புப் பலகை செய்தால் என்ன? 1978 பிப்ரவரி 16-ம் தேதி அந்தப் பலகை வேலைக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் தம் கம்ப்யூட்டரில் இருந்து அந்த நம்பருக்கு டயல் செய்யலாம். மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கலாம். தாமும் எழுதலாம். ஒரு லைன் என்றால் ஒரு சமயத்தில் ஒருவர்தான். இன்டர்நெட் வீட்டுக்கு வராத காலத்தில் அதுதான் டீக்கடை பெஞ்சு!

இந்தப் பலகைகள் ஊர் ஊராகப் பரவின. நடத்தியவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காகச் செய்தவர்கள். வீட்டுப் படுக்கையறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு வீட்டு லைன். அவ்வளவுதான்.

ஹூஸ்டனில் சவுத்வெஸ்டர்ன் பெல் என்ற டெலிபோன் கம்பெனி, இது வீட்டு உபயோகம் அல்ல, வியாபார ரேட் கட்டு என்றது.

பலகை நடத்தியவர்கள் கொதித்துப்போனார்கள். காசு வாங்கவில்லை, பொருள் விற்கவில்லை, பிறகு எப்படி வியாபாரம் ஆகும் என்று கேட்டார்கள். சங்கம் சேர்ந்தார்கள். மாநிலத்தின் பொதுச்சேவைக் கமிஷனிடம் போய் மனு கொடுத்தார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது.

அந்த வழக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்விகளைக் கவனியுங்கள். இது வீட்டில் இருக்கிறதா? சேருகிறவர்களிடம் காசு கேட்கிறாயா? மொத்தம் எத்தனை லைன் வைத்திருக்கிறாய்? பேச்சின் உள்ளே போக முடியாதபோது, வாசலில் நின்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

நம்முடைய பி.பி. நம்பர்

சென்னைக்கு வருவோம்.

இங்கே டெலிபோன் வந்தது 1880-களின் தொடக்கத்தில். பாரிமுனைப் பக்கம் எர்ரபாலு செட்டி தெருவில்தான் முதல் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. சுற்றிலும் கம்பெனிகளும் மண்டிகளும். வீட்டுக்காரர்களுக்கு போன் எட்டாத காலம்.

சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் டெலிபோன் இலாகா நடத்தியபோது, அமெரிக்கா மாதிரி பில்லில் வீடு, வியாபாரம் என்று இரண்டு வாடகை போடவில்லை. எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு பெரியதோ, அதற்குத் தகுந்த வாடகை. ஆனால் பாகுபாடு இல்லாமல் போய்விடவில்லை. அது பில்லில் இருந்து கியூவுக்கு இடம் மாறியது!

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓ.ஒய்.டி. என்று ஒரு வரிசை. அதில் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டுகிறவர்களுக்கு முதல் மரியாதை. ஸ்பெஷல் என்று ஒரு வரிசை. டாக்டர்கள், பத்திரிகைக்காரர்கள் அதில் வருவார்கள். ஜெனரல் என்று ஒரு வரிசை. நீங்களும் நானும் அதில் நிற்போம். மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. மகள் பிறந்தபோது மனுப் போட்டேன், மகள் கல்யாணத்துக்கு லைன் வந்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புக்குச் சொன்னதுதான், ஆனாலும் அதில் பாதி உண்மை.

அந்தக் காலத்தில்தான் பி.பி. நம்பர் வந்தது. கல்யாணப் பத்திரிகையில், விசிட்டிங் கார்டில் நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடிப்பார்கள். போன் நம்முடையது அல்ல. எதிர் வீட்டுக்காரருடையது. அல்லது முனைக்கடை அண்ணாச்சியுடையது. அண்ணாச்சி ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, "மாடி வீட்டம்மாவுக்கு போன்!" என்று பையனை ஓட விடுவார்.

அந்த போன் வியாபார போனா, வீட்டு போனா? மளிகை ஆர்டரும் அதில்தான் வந்தது. தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்பதும் அதில்தான் வந்தது. எந்த அதிகாரியும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணாச்சியாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு விஷயம். வாடகையில் பாகுபாடு இல்லாவிட்டாலும், எஸ்.டி.டி. ரேட்டில் அது ஒளிந்திருந்தது. வெளியூர் பேச்சுக்கு வாங்கிய பெரிய காசுதான், வீட்டு லைன் வாடகையைத் தாழ்த்தி வைத்தது. வெளியூருக்கு அதிகம் பேசுகிறவர்கள் யார்? பெரும்பாலும் வியாபாரிகள்தான். ஆக, சவுகார்பேட்டை கட்டிய எஸ்.டி.டி. பில்லில் மாம்பலத்து வீட்டு வாடகை ஓடியது. 1997-ல் டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையம், அதுதான் டிராய், ஏற்பட்டது. அது 1999-ல் போட்ட கட்டண உத்தரவில் எஸ்.டி.டி. ரேட்டைக் குறைத்து, வாடகையை உயர்த்தி, இந்த ஒளிவு மறைவைக் கலைக்க ஆரம்பித்தது.

நூறு எஸ்.எம்.எஸ்.

பிறகு செல்போன் வந்தது. கியூ போனது. பி.பி. போனது. ரேட்டும் தரைமட்டம் ஆனது. அத்தோடு இந்த வழக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் தொல்லை வேறு உருவத்தில் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் கடன் வேண்டுமா என்று ஒரு போன். படுத்தால் பிளாட் வேண்டுமா என்று ஒரு போன். ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள்.

டிராய் சாட்டையை எடுத்தது. 2011 செப்டம்பர் 27 முதல், ஒரு சிம்மில் இருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.தான் என்று உத்தரவு. பிறகு அதை 200 ஆக்கினார்கள். அதற்கு மேல் அனுப்புகிறவன் வியாபாரியாகத்தான் இருப்பான் என்பது கணக்கு.

மறுபடியும் அதே ஹூஸ்டன் கதைதான். அங்கே லைனை எண்ணினார்கள். இங்கே எஸ்.எம்.எஸ்.சை எண்ணினார்கள்!

காலேஜ் பையன்கள் ஒரு நாளைக்கு 200 எஸ்.எம்.எஸ். அனுப்ப மாட்டார்களா? அதிலும் காதலில் விழுந்த பையன்? விவகாரம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. சொந்த விஷயமாக அனுப்புகிற எஸ்.எம்.எஸ்.சுக்கு இப்படி உச்சவரம்பு வைப்பது பேச்சுரிமையில் கை வைப்பது என்று 2012 ஜூலையில் கோர்ட்டு சொல்லிவிட்டது.

டிராய் விடவில்லை. 100-க்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா என்று விலையில் கை வைத்தது. அந்த 50 பைசா 2020-ல்தான் போனது. அதற்குள் எல்லோரும் வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது என்ன விதி?

இனி வருவதைக் கடைக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

இப்போது பாகுபாடு பில்லிலும் இல்லை, கியூவிலும் இல்லை. நம்பரிலேயே இருக்கிறது.

140 என்று ஆரம்பித்தால் விளம்பர போன். 1600 என்று ஆரம்பித்தால் உங்கள் கணக்கு சம்பந்தமான சேவை போன். இந்த 1600 வரிசை 2024-ல் வந்தது. சாதாரண பத்து இலக்க நம்பர் சொந்தப் பேச்சுக்கு. அதில் இருந்து வியாபார விளம்பரம் செய்யக் கூடாது. 2025 பிப்ரவரி 12-ம் தேதி டிராய் வெளியிட்ட திருத்தம் இதை இன்னும் இறுக்கியது.

எஸ்.எம்.எஸ்.சிலும் அடையாளம் உண்டு. அனுப்பியவர் பெயருக்குக் கடைசியில் ஒரு கோடு போட்டு ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். "பி" என்றால் விளம்பரம். "எஸ்" என்றால் சேவை. "டி" என்றால் பணப் பரிமாற்றம். "ஜி" என்றால் சர்க்கார். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது போனை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

மொத்தமாக விளம்பரம் அனுப்ப வேண்டும் என்றால் கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டும். அனுப்புகிற பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அனுப்புகிற வாசகத்தையே முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். பெரிய பேங்குகளே இதில் தடுமாறின. 2021 மார்ச் 8-ம் தேதி இந்தச் சோதனையை முடுக்கிவிட்டபோது, பதிவு சரியில்லாத எஸ்.எம்.எஸ்.கள் எல்லாம் நின்றன. ஓ.டி.பி. வராமல் நாடு முழுக்க ஜனங்கள் திண்டாடினார்கள். டிராய் ஒரு வாரம் சோதனையை நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

பேங்குக்கு அதற்கு ஆட்கள் உண்டு. தையல் அக்காவுக்கு?

சரி, அக்கா என்ன செய்தால் தப்பு? ஜாக்கெட் ரெடி, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் செய்தால், துணி கொடுத்தவர் யாரும் புகார் செய்யப் போவதில்லை. சந்தோஷமாக வந்து வாங்கிப் போவார்.

தகராறு எங்கே என்றால், ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும்தான். பழைய நோட்டில் இருக்கிற நம்பர்களுக்கெல்லாம், எப்போதோ ஒரு தடவை வந்தவர்களுக்கெல்லாம், "இந்த வருஷம் சுடிதாரும் தைக்கிறோம்" என்று சொந்த சிம்மில் இருந்து வரிசையாக போன் போட்டால், விதிப்படி அது பதிவு இல்லாத விளம்பரம்.

வாங்கியவருக்கு எரிச்சல் வந்தால் 1909-க்குப் புகார் செய்யலாம். முன்பு மூன்று நாளுக்குள் புகார் தர வேண்டும். இப்போது ஏழு நாள் வரை அவகாசம். விளம்பரம் வேண்டாம் என்று முன்பே பதிவு செய்து வைக்காதவரும் புகார் தரலாம். 10 நாளில் ஒருவர் மேல் 5 புகார் சேர்ந்தால் நடவடிக்கை ஆரம்பம்.

முதல் தடவை என்றால் 15 நாள் அவுட்கோயிங் கிடையாது. மறுபடியும் செய்தால் அந்த ஆளின் பேரில் உள்ள எல்லா லைனும் ஒரு வருஷத்துக்கு கட். எல்லாக் கம்பெனியிலும்!

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்த விதி அங்கே எட்டாது. அங்கே அந்தக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். 2018 முதல் அவர்களும் வியாபாரிகளுக்குத் தனி ஆப் வைத்திருக்கிறார்கள்.

கடன் விற்கிற கும்பலை அடக்கத்தான் இந்த விதி. தேவையான விதிதான். அதில் சந்தேகம் இல்லை. சாப்பிடும்போது போன் வந்தால் நாமும்தான் பல்லைக் கடிக்கிறோம். ஆனால் ஆயிரம் சிம் வைத்திருக்கிற கும்பலுக்கு ஒரு சிம் போனால் ஒரு மயிரிழை போன மாதிரி. அக்காவுக்கு இருப்பது ஒரே நம்பர். மின்கட்டண விதியில் 200 சதுர அடி என்று சின்ன ஆட்களுக்கு ஒரு இடம் விட்டார்கள் அல்லவா? அது மாதிரி, மாதம் இத்தனை போன் வரையில் சின்னத் தொழிலுக்குப் பரவாயில்லை என்று இங்கேயும் ஒரு இடம் விட்டால் என்ன? டிராய் புதிய விதி கொண்டுவரும்போதெல்லாம் ஜனங்களின் கருத்தைக் கேட்கிறது. எழுதிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் டெலிபோன் கம்பெனிகளும் பெரிய வியாபார சங்கங்களும்தான். நம் வணிகர் சங்கங்களும் ஒரு காகிதம் போடலாம்.

அதுவரைக்கும், தீபாவளிக்கு நோட்டைப் புரட்டும்போது யோசித்துப் புரட்டுங்கள். 15 நாள் தண்டனையில் இன்கமிங் வந்துகொண்டுதான் இருக்கும். பையனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வரும். அந்த நம்பரில் இருந்து திருப்பி ஒரு ஆட்டோவைக் கூப்பிடத்தான் முடியாது.